அவர் ஏன் வாய் திறப்பதில்லை?

உங்கள் வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து வந்ததும் என்ன செய்கிறார்? செருப்பு ஒரு மூலைக்கும் பை ஒரு மூலைக்கும் போகிறது. காப்பி ஆறி அவலாகிறது. "என்ன, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டால், "ஒன்றுமில்லை" என்று ஒற்றை வார்த்தை. குழந்தை பென்சிலைக் கீழே போட்டதற்கு ஒரு கூப்பாடு! பிறகு கைப்பேசியும் அவரும் ஏகாந்தம்.

"நம் மேல்தான் ஏதோ கோபம்" என்று நீங்கள் சமையலறையில் கண்ணைத் துடைத்துக் கொள்ளுகிறீர்கள். அவசரப்படாதீர்கள், சகோதரி! பல ஆண்களுக்கு மனச்சோர்வு கண்ணீராக வருவதில்லை. எரிச்சலாக வரும், தலைவலியாக, வயிற்று உபாதையாக, தூக்கமின்மையாக வரும். சிலருக்குக் குடியாகவும் வரும். 'ஆண்பிள்ளை அழலாமா?' என்று சின்ன வயதிலேயே நாம்தானே அதட்டி வளர்க்கிறோம்!

ஓயாத வேலையால் வரும் சோர்வுக்கு 1974-ல் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர் 'பர்ன் அவுட்' என்று பெயரிட்டு எழுதினார். எண்ணெய் தீர்ந்த விளக்கில் திரி கருகுகிறதல்லவா, அந்த நிலைதான். 2019-ல் உலக சுகாதார ஸ்தாபனமும் இதை அங்கீகரித்தது. வியாதியாக அல்ல, வேலையை ஒட்டி வரும் ஒரு நிலையாக.

சரி, பரிகாரம் என்ன? பிலடெல்பியா நகரத்து மனநல டாக்டர் ஆரன் பெக் (1921-2021) 1960-களில் ஒரு வழி கண்டார். நோயாளிகள் வாயால் ஒன்று பேசும்போதே, உள்ளே வேறொரு நினைப்பு தானாக ஓடிக்கொண்டிருப்பதை அவர் கவனித்தார். 'நான் எதற்கும் லாயக்கில்லை', 'எல்லாம் போயிற்று' என்ற ரகத்து நினைப்புகள். அவற்றை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. அப்படியே நம்பி விடுகிறார்கள்.

உதாரணமாக, "நாளைக் காலையில் என்னை வந்து பார்" என்று மானேஜர் சொல்லியனுப்புகிறார். 'வேலை போயிற்று!' என்கிறது மனம். இரவெல்லாம் சிவராத்திரி. இந்த முறையில் பழகிய ஆலோசகர், "கவலைப்படாதே" என்று முதுகில் தட்டுவதில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுகிறார்: என்ன நடந்தது, என்ன தோன்றிற்று, அதற்குச் சாட்சி என்ன, எதிர்ச்சாட்சி என்ன? "போன தடவை கூப்பிட்டபோது என்ன ஆயிற்று?" "புது வேலை ஒன்று கொடுத்தார்." கோர்ட்டில் குறுக்கு விசாரணை நடப்பது போலத்தான்!

பயம் நியாயமானதென்று தெரிந்தால்? அப்போது அடுத்து என்ன செய்வது என்று திட்டமிடுகிறார்கள். வேலைப் பளு நிஜமாகவே தாங்க முடியாததென்றால், மாற வேண்டியது மனம் மட்டுமல்ல, வேலையும்தான்.

'மனத்தைத் திறந்து கொட்டு' என்றால் ஓட்டம் பிடிக்கிற ஆண்கள்கூட இதற்கு இசைந்து வருவதுண்டு. வாரம் ஒரு முறை, பெரும்பாலும் மூன்று நான்கு மாதங்கள். நடுவில் வீட்டுப் பாடம்! தினமும் ஒரே நேரத்தில் எழுந்திருப்பது, பத்து நிமிஷம் நடப்பது போன்ற சின்னக் காரியங்களும் உண்டு. உற்சாகம் வரட்டும் என்று காத்திராமல் காரியத்தைத் தொடங்கினால், உற்சாகம் பின்னாலேயே வரும் என்பது இதன் தத்துவம்.

நீங்கள் என்ன செய்யலாம்? எதிரே உட்கார்ந்து விசாரணை நடத்தாதீர்கள். சேர்ந்து நடக்கும்போதோ, துணி மடிக்கும்போதோ பேச்சுக் கொடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் சாமர்த்தியத்தை மட்டும் இழுக்காதீர்கள்! "இரண்டு வாரமாக நீங்கள் சரியாகத் தூங்கவில்லை, டாக்டரிடம் போவோமா?" என்று கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள்.

"நான் இல்லாவிட்டால் நீங்கள் சௌக்கியமாக இருப்பீர்கள்" என்று அவர் சொன்னால், விளையாட்டென்று விட்டு விடாதீர்கள். நம் தேசத்தில் தற்கொலை செய்து கொள்ளுகிறவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு எழுபது பேர் ஆண்கள். "உயிரை விடும் எண்ணம் இருக்கிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்து விடாது. 'ஆம்' என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். சர்க்கார் 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் உதவிக்கு 14416 என்ற எண்ணில் இரவு பகலாகத் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. அவர் பேச மறுத்தால் நீங்களே பேசி யோசனை கேட்கலாம்.

இன்னொரு விஷயம். நீங்களும் ஆபீஸுக்குப் போய்விட்டு வந்து அடுப்பையும் பார்க்கிறவரானால், இதெல்லாம் உங்களுக்கும் பொருந்தும். ஆகையால் நோட்டுப் புத்தகம் வாங்கும்போது இரண்டாகவே வாங்கி விடுங்கள்!