விற்பனைக்கு வராத இசைத்தட்டுகள்

தென்காசியிலிருந்து நேர்கோடு போட்டுப் பார்த்தால் சென்னையைவிடக் கொழும்புதான் பக்கம். கடல் தாண்டி வந்த மத்திய அலை இங்கே தெளிவாக விழுந்தது. குற்றாலம், செங்கோட்டை, கடையநல்லூர் வீடுகளில் ஒரு தலைமுறைக்கே ரேடியோ என்றால் இலங்கை வானொலிதான். பொங்கும் பூம்புனல், நீங்கள் கேட்டவை, அறிவிப்பாளர் கே.எஸ்.ராஜாவின் மின்னல் வேகக் குரல், நடுவே கோபால் பல்பொடி விளம்பரம். கேட்ட பாட்டையெல்லாம் மறந்துபோன பெரியவர்கள்கூட அந்தப் பல்பொடி விளம்பரத்தை இன்றைக்கும் ஏற்ற இறக்கத்தோடு சொல்லிக் காட்டுவார்கள்.

கொழும்பின் வர்த்தக சேவை 1950-ல் தொடங்கியது. நம் அகில இந்திய வானொலியில் விளம்பரம் நுழைந்தது 1967 நவம்பரில்தான். அதுவும் முதலில் பம்பாய், புனே, நாக்பூரில் மட்டும். இடையில் இருந்த 17 ஆண்டுகளும் இந்திய வியாபாரிகள் ரேடியோவில் கடை விரித்த இடம் கொழும்பு. பினாக்கா கீத்மாலா என்ற இந்திப் பாட்டு நிகழ்ச்சி பம்பாயில் பதிவாகி, கொழும்புக்குப் பயணப்பட்டு, அங்கிருந்து இந்தியாவுக்கே திரும்பி ஒலித்தது. ஒரு பற்பசைக்காக!

இதே காலத்தில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் விளம்பரக்காரர்கள் ராக் குழுக்களையே பாட வைத்தார்கள். கோகோ கோலாவுக்காக சுப்ரீம்ஸ், பீ ஜீஸ், மூடி ப்ளூஸ், தி ஹூ எல்லாரும் பாடினார்கள். லீவைஸ் ஜீன்ஸுக்கு 1967-ல் ஜெஃபர்சன் ஏர்பிளேன் பாடியது. ஒரு நிமிட விளம்பரத்தைத் தட்டில் அச்சடித்து ரேடியோ நிலையங்களுக்கு அனுப்புவார்கள். கடையில் கிடைக்காது. விளம்பரத்தின் தவணை முடிந்ததும் நிலையத்தில் அதற்கு வேலையில்லை. அப்படித் தூக்கிப் போட்டவற்றில் தப்பியவைதான் இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலையும் தட்டுகள். தி ஹூ குழுவோ 1967 கடைசியில் ஒரு முழு ஆல்பத்தையே ரேடியோ ஒலிபரப்புபோல, பாட்டுக்குப் பாட்டு விளம்பரம் செருகி வெளியிட்டது.

விளம்பரத்துக்காக ராக் குழுக்களை வாசிக்க வைத்த கதை இந்தியாவிலும் ஒன்று உண்டு. சிம்லா என்ற சிகரெட்டை விற்க இம்பீரியல் டொபாக்கோ நிறுவனம், இன்றைய ஐ.டி.சி., 1960-களின் கடைசியில் 'சிம்லா பீட்' என்று அகில இந்திய ராக் போட்டி ஒன்றை நடத்தியது. கல்லூரிப் பையன்கள் கிதாரும் டிரம்ஸுமாகத் திரண்டார்கள். இறுதிச் சுற்று பம்பாய் சண்முகானந்தா அரங்கில் நடந்தது. கர்நாடக இசைக்காகத் தமிழர்கள் எழுப்பிய சபாவில் எலெக்ட்ரிக் கிதார் அலறியதை நினைத்தால் எனக்கு இப்போதும் உற்சாகம் பொங்குகிறது. தேர்ந்த குழுக்களின் பாட்டுகள் 1970-லும் 1971-லும் இரண்டு எல்.பி. தட்டுகளாக வந்தன. சென்னையின் கன்ஃப்யூஷன்ஸ் அவற்றில் இருக்கிறது. கல்கத்தாவின் கிரேட் பேர் இருக்கிறது. ஷில்லாங்கின் ஃபென்டோன்ஸ் 'சிம்லா பீட் தீம்' என்று சிகரெட்டின் பெயரையே தலைப்பாக்கி வாசித்தது.

சிகரெட் காசில் பிறந்த இசை என்பது உறுத்தத்தான் செய்கிறது. இளைஞர்களைப் புகைக்கப் பழக்குவதுதான் நோக்கம் என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் சினிமாப் பாட்டே சந்தையை நிரப்பியிருந்த நாட்டில், சொந்தமாக ஆங்கிலப் பாட்டு எழுதிய பையன்களுக்கு எந்த ரிக்கார்டு கம்பெனி எல்.பி. போட்டிருக்கும்? அந்த இரண்டு தட்டுகள் இல்லாவிட்டால் அந்தக் குழுக்களில் பலவற்றின் ஒலி நமக்கு மிச்சமே இருந்திருக்காது. பல ஆண்டுகள் கழித்து அவற்றைத் தேடிப்பிடித்து மறுபதிப்புச் செய்ததும் வெளிநாட்டவர்கள்தான். நாம் செய்திருக்க வேண்டிய வேலை அது.

நம் பக்கத்தில் இசைத்தட்டைக் காப்பாற்றியவர்கள் மைக் செட்காரர்கள். கோயில் கொடையானாலும் கல்யாணமானாலும் குழாய் ஸ்பீக்கரில் திருவிளையாடல் வசன ரிக்கார்டு ஓடாத ஊர் இல்லை. கேசட் வந்ததும் தட்டுகள் பரணுக்கு ஏறின. செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் சாரல் காற்றுதான் அவற்றுக்கு எமன். காகித உறை ஈரத்தை இழுத்துக்கொள்ளும், வரிப்பள்ளங்களில் பூஞ்சை பூக்கும்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு கட்டு இருக்கலாம். பழைய இரும்புக்காரருக்கு எடைக்குப் போடும் முன் ஒவ்வொன்றின் நடு லேபிளையும் படியுங்கள். சோப்பு, பற்பொடி, சிகரெட் என்று ஏதாவது வணிகப் பெயர் இருந்தாலோ, விற்பனைக்கல்ல என்று அச்சிட்டிருந்தாலோ தனியாக எடுத்து வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வளைந்துவிடும். புத்தகம்போல நிறுத்தி வையுங்கள். பூஞ்சையைக் காய்ந்த துணியால் அழுத்தித் தேய்க்காதீர்கள், கீறல் விழும். வாலை வடிநீரில் நனைத்த மெல்லிய துணியால், லேபிளில் ஈரம் படாமல், வரியோடு சேர்த்து வட்டமாகத் துடைத்தால் போதும். பழைய பிளேயரில் போட்டுப் பார்க்கத் தோன்றும். தேய்ந்த ஊசி ஒரே ஓட்டத்தில் பள்ளத்தைச் சிதைத்துவிடும். முதலில் ஊசியை மாற்றுங்கள். முதல் ஓட்டத்திலேயே கணினியில் பதிந்துகொள்ளுங்கள்.