வந்தால் பாதி, வராவிட்டால் முழுசு

சீட்டும் கணக்கும் – 17

கையில் நான்கு சீட்டு: ஆட்டின் ஏஸ், டைமன் இரண்டு, கிளாவர் ராஜா, இஸ்பேட் ஒன்பது. மேஜையில் முதல் மூன்று விழுகின்றன: கிளாவர் நான்கு, ஆட்டின் ஏழு, டைமன் ராணி. ஒமாஹா ஹை-லோவுக்குப் புதிதாக வந்தவர் யாரும் இந்த இடத்தில் கையைக் கீழே வைக்க மாட்டார். ஏஸும் இரண்டும் இருக்கிறதே! இன்னும் ஒரே ஒரு சின்னச் சீட்டு விழுந்தால் போதும், அதைவிடச் சிறிய லோ யாரிடமும் இருக்க முடியாது. அந்த ஒரே ஒரு சீட்டுக்காகத்தான் இந்த ஆட்டத்தில் பாதிப் பேர் பணத்தைத் தொலைக்கிறார்கள்.

சென்ற வாரம் சொன்ன விதிகளை ஒரு மூச்சில் நினைவுபடுத்தி விடுகிறேன். கையில் நான்கு, மேஜையில் ஐந்து. கையிலிருந்து சரியாக இரண்டு, மேஜையிலிருந்து சரியாக மூன்று. கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. நடுவில் குவியும் பணத்தில், அதாவது பாட்டில், பாதி உயர்ந்த கைக்கு (ஹை), பாதி தாழ்ந்த கைக்கு (லோ). தாழ்ந்த கை என்றால் எட்டும் அதற்குக் கீழுமாக ஐந்து வெவ்வேறு சீட்டு. ஏஸ் அங்கே ஒன்று. மேஜையில் அப்படிப்பட்ட சீட்டு மூன்றாவது விழாவிட்டால் லோ என்ற பேச்சே கிடையாது, முழுப் பணமும் ஹை எடுத்துக்கொண்டு போய்விடும்.

இப்போது நம் கைக்கு எந்தெந்தச் சீட்டு உதவும்? மூன்று, ஐந்து, ஆறு, எட்டு. ஒவ்வொன்றிலும் நான்கு; ஆகப் பதினாறு. கண்ணுக்குத் தெரியாதவை 45. இன்னும் இரண்டு சீட்டு விழ வேண்டியிருப்பதால், லோ அமைய 59 சதவீத வாய்ப்பு. பாதிக்கு மேல்! கேட்கவே நன்றாக இருக்கிறது.

நான்காவது சீட்டு கிளாவர் ஜாக்கி என்று வைத்துக்கொள்வோம். உதவவில்லை. பாட்டில் ஆயிரம் ரூபாய் இருக்கிறது. மிச்சமிருக்கும் ஒரே எதிராளி இன்னொரு ஆயிரத்தைத் தள்ளுகிறார். நாமும் ஆயிரம் போட்டால்தான் கடைசிச் சீட்டைப் பார்க்கலாம். கட்டில் தெரியாத சீட்டு 44. ஒவ்வொன்றையும் ஒரு முறை போட்டுப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பதினாறு முறை லோ வரும். அப்போது பாட்டில் மூவாயிரம், நம் பங்கு 1,500, போட்ட ஆயிரம் போக லாபம் 500. பதினாறு ஐந்நூறு 8,000. மற்ற 28 முறையும் போட்ட ஆயிரம் போனது போனதுதான்: 28,000. நிகரம் 20,000 ரூபாய் நஷ்டம். ஒரு முறைக்கு 450-க்கு மேல் கையைக் கடிக்கிறது.

இதே 16 சீட்டு, இதே ஆயிரம், ஆனால் பாட் பிரியாத ஆட்டம் என்றால்? வரும் ஒவ்வொரு முறையும் 2,000 லாபம். 32,000-லிருந்து 28,000 போக 4,000 மிச்சம். அங்கே தாராளமாகப் பணம் போடலாம். இங்கே போட்டால் பைத்தியக்காரத்தனம். எத்தனை சீட்டு வந்தால் ஜெயிப்பேன் என்று மட்டும் எண்ணிப் பழகியவர்களுக்கு, வந்தால் கைக்கு எவ்வளவு வரும் என்ற இரண்டாவது கேள்வி தோன்றுவதே இல்லை. பாட் பிரியாத போக்கரில் பெரும்பாலும் முதல் கேள்வியே போதும். அதனால்தான் ஹோல்டெம் என்ற அந்த வகை ஆட்டத்தில் கெட்டிக்காரர்கள் இங்கே வந்து தடுக்கி விழுகிறார்கள்.

எதிராளியிடமும் ஏஸும் இரண்டும் இருந்தால் கதை இன்னும் மோசம். நல்ல கை என்று அவரும் அதைத்தானே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்? லோவின் பாதி இரண்டாகப் பிரிந்து நமக்குக் கால்பங்கு வரும். ஆட்டக்காரர்கள் இதைக் குவார்ட்டர் ஆவது என்பார்கள். (நம்மூரில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். தலைவலி மட்டும் பொது.) மேலே பார்த்த மூவாயிரத்தில் கால்பங்கு 750. அதாவது காத்திருந்த சீட்டு வந்து, கையும் அமைந்து, அதன் பிறகும் போட்ட ஆயிரத்தில் 250 காணோம். இருவர் மட்டும் மோதும்போது, போடும் ஒவ்வொரு ரூபாயிலும் எட்டணா போகிறது. மூவர் இருந்தாலும் நஷ்டம்தான். நான்கு பேர் சமமாகப் போட்டிருந்தால்தான் போட்டது அப்படியே திரும்பும்.

இதனால் ஏஸ்-இரண்டை எப்போதும் வீசி எறிய வேண்டும் என்றில்லை. ஆட்டம் எந்த வகை என்று பார்க்க வேண்டும். ஒமாஹா 1980-களின் தொடக்கத்தில் லாஸ் வேகாஸின் கோல்டன் நக்கெட் சூதாட்ட விடுதியில் மேடையேறியது. ராபர்ட் டர்னர் கொண்டுவந்து காட்ட, விடுதியின் சீட்டாட்ட நிர்வாகி பில் பாய்ட் 'நக்கெட் ஹோல்டெம்' என்று பெயர் வைத்து நடத்தினார். அது முழுப் பாட்டையும் ஒருவரே எடுக்கும் ஆட்டம். பாதி பிரிக்கும் வடிவம், பந்தயத் தொகைக்கு உச்சவரம்பு வைத்த லிமிட் ஆட்டமாகவே பெரும்பாலும் பரவியது. ஐந்து ஆட்டங்களை மாற்றி மாற்றி ஆடும் 'ஹார்ஸ்' போட்டியின் ஓ இதுதான், அங்கும் லிமிட்தான். லிமிட்டில் கணக்கு தலைகீழ். நடுவில் ஆறாயிரம் சேர்ந்திருக்கிறது, எதிராளி 500 போடுகிறார், நாமும் 500 போட வேண்டும். வந்தால் ஏழாயிரத்தில் பாதி 3,500, லாபம் 3,000. பதினாறு மூவாயிரம் 48,000. நஷ்டம் 28 ஐந்நூறு, 14,000. கண்ணை மூடிக்கொண்டு போடலாம். பாட்டில் உள்ள அளவுக்குப் பந்தயம் கட்டலாம் என்ற பாட்-லிமிட் மேஜைக்கு அதே பழக்கத்தோடு போய் உட்கார்ந்தால்தான் வேட்டி அவிழும்.

ஏஸ் இல்லாத இரண்டு-மூன்றை வைத்துக்கொண்டு லோவுக்குக் காத்திருப்பவர்களைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. மேஜையிலேயே ஏஸ் விழுந்தால் ஒழிய அது இரண்டாந்தரம். வந்து தோற்கும் கை, வராத கையைவிட அதிகச் செலவு வைக்கும்.

ஹை பக்கம் காத்திருப்பவர்களுக்கும் ஒரு பொறி உண்டு. அதை யாரும் கவனிப்பதில்லை. கையில் இஸ்பேட் ஏஸ், இஸ்பேட் ஜாக்கி; மற்ற இரண்டும் உதவாதவை. மேஜையில் இஸ்பேட் மூன்று, இஸ்பேட் ஆறு, டைமன் ராணி. இன்னொரு இஸ்பேட் வந்தால் ப்ளஷ், அதாவது ஐந்தும் ஒரே இனம். பாக்கி ஒன்பது இஸ்பேட் என்று சந்தோஷமாக எண்ணுவோம். அவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பாருங்கள். இரண்டு, நான்கு, ஐந்து, ஏழு, எட்டு: இந்த ஐந்தில் எது விழுந்தாலும் நம் ப்ளஷ்ஷோடு இன்னொருவரின் லோவும் பிறக்கிறது. பாதி போச்சு. ஒன்பது, பத்து, ராணி, ராஜா ஆகிய நான்குதான் அந்தக் கணத்தில் முழுப் பாட்டைக் காட்டுகின்றன. அதிலும் ராணி விழுந்தால் மேஜையில் ஜோடி, ப்ளஷ்ஷை அடிக்கும் ஃபுல் ஹவுஸ் (ஒரே எண்ணில் மூன்று, கூட ஒரு ஜோடி) பயம் வேறு. ஒன்பதை ஒன்பதாக எண்ணக் கூடாது.

அப்படியானால் எதைத்தான் துரத்துவது? இரண்டு பக்கமும் பார்க்கிற கையை. இஸ்பேட் ஏஸ், டைமன் இரண்டு, கிளாவர் மூன்று, இஸ்பேட் ஒன்பது. மேஜையில் இஸ்பேட் ஐந்து, இஸ்பேட் ஏழு, ஆட்டின் ராஜா. லோவுக்கு நான்கு, ஆறு, எட்டு எல்லாம் உதவும், பன்னிரண்டு. கூடவே, மிச்சமிருக்கும் ஏஸோ இரண்டோ மூன்றோ விழுந்தாலும் கவலையில்லை. கையில் அந்த வரிசையில் மூன்று இருப்பதால், ஒன்று அடிபட்டாலும் மற்ற இரண்டு நிற்கும். அது இன்னொரு ஒன்பது. ஆக 21. லோவில் சேராத இஸ்பேட் நான்கையும் கூட்டினால் 25. தெரியாத 45 சீட்டில் 25! அவற்றில் ஐந்து, லோவையும் ப்ளஷ்ஷையும் ஒரே அடியில் கொடுப்பவை. இரண்டு சீட்டும் விழுந்து முடிந்தும் ஒன்றுமே அமையாமல் போவது ஐந்தில் ஒரு முறைகூட இல்லை. இப்படிப்பட்ட கையோடு இருக்கும்போது கூட்டத்தை விரட்டக் கூடாது. வருகிறவர்கள் எல்லோரும் வரட்டும், பணம் போடட்டும்.

எழுதுவதற்கு முன் இதைச் சாப்பாட்டு மேஜையில் திறந்தே போட்டுப் பார்த்தேன். ஒரு பக்கம் மேலே சொன்ன கை. எதிரில், மொட்டையாக ஆட்டின் ஏஸும் கிளாவர் இரண்டும், துணைக்கு டைமன் ராணியும் பத்தும். மூன்றாவதாக, இரண்டு ராஜா வைத்திருப்பவர். மேஜை ராஜாவோடு சேர்த்து அவருக்கு மூன்று. புளியங்கொட்டைதான் பணம். மூன்று பக்கமும் சமமாகத் தள்ளிவிட்டு நான்காவதைப் புரட்டினேன். ஆட்டின் இரண்டு.

மொட்டை ஏஸ்-இரண்டின் கதை அந்த இடத்திலேயே முடிந்தது. ஆட்டக்காரர்கள் இதைக் கவுன்டர்ஃபீட் என்பார்கள், கள்ளநோட்டு. கையிலிருக்கும் இரண்டு அப்படியேதான் இருக்கிறது. மேஜையில் அதே இரண்டு வந்ததும் செல்லாமல் போய்விட்டது. நம் கையோ ஏஸையும் மூன்றையும் எடுத்து நீட்டியது. ஏஸ், இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு. இதற்குக் கீழே லோ இல்லை. இஸ்பேட் ஒன்று வந்தால் மொத்தமும் நமக்கே என்ற ஆசையோடு கடைசிச் சீட்டைப் புரட்டினேன். கிளாவர் ஐந்து. மேஜையில் ஜோடி விழுந்துவிட்டது, ராஜாக்காரருக்கு ஃபுல் ஹவுஸ். ஹை அவருக்கு, லோ நமக்கு. போட்டது மூன்றில் ஒரு பங்கு, எடுத்தது பாதி. குறை சொல்ல ஒன்றுமில்லை.

கொட்டைகளைப் பிரித்து வைத்துவிட்டு, சீட்டாடுகிற எவரும் செய்கிற அந்தக் கெட்ட காரியத்தை நானும் செய்தேன். கட்டின் மேலே இருந்த அடுத்த சீட்டைப் புரட்டினேன். இஸ்பேட் ஜாக்கி.

(தொடரும்)