பரீட்சைன்னு அதுக்குத் தெரியுமா சார்?

உங்கள் ஆபீஸ் டிராயரில் குண்டூசி டப்பாவுக்குப் பக்கத்தில் பாதி காலியான ஆன்டிபயாடிக் அட்டை ஒன்று கிடக்கிறதா? எங்கள் செக்‌ஷனில் இதற்கென்றே ஒரு புண்ணியவான் இருக்கிறார். யார் தும்மினாலும், "இந்தாங்க சார், ரெண்டு போடுங்க... சரியாப் போயிடும்" என்று தானம் செய்வார்.

ஜலதோஷம் வைரஸ் சமாசாரம். ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. ஆனால், குடலில் சிவனே என்று கிடக்கும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களுக்கு அது ஒரு பரீட்சை. பெரும்பாலானவை அவுட். தற்செயலாக மருந்தைத் தாங்கும் சக்தி உள்ளவை பாஸ். அடுத்த தலைமுறை அவற்றின் வாரிசுகள்தான். (பாக்டீரியாவுக்கு அப்பா, அம்மா இரண்டும் ஒரே ஆள். கல்யாணச் செலவு மிச்சம்!)

பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் ஃபிளெமிங், 1945-ல் நோபல் பரிசு உரையிலேயே எச்சரித்தார் - அரைகுறை டோஸ், மருந்துக்கு அசராத கிருமிகளை வளர்த்துவிடும் என்று.

2016-ல் ஹார்வர்டில் ராய் கிஷோனி குழுவினர் இதைக் கண்ணெதிரே காட்டினார்கள். இரண்டடிக்கு நாலடி தட்டு. ஓரத்தில் மருந்தே இல்லை. நடுவே போகப் போக டோஸ் பல மடங்கு ஏறும். ஒவ்வொரு எல்லையிலும் பாக்டீரியா கூட்டம் திகைத்து நிற்கும். எங்கேயோ ஒன்று மாறிப் பிறந்து எல்லையைத் தாண்டும். பத்துப் பன்னிரண்டு நாளில், மூதாதையரைக் கொன்ற டோஸைப் போல 1,000 மடங்கைத் தாங்கும் வாரிசுகள் வந்துவிட்டன!

'கிருமிக்கு உயிர் இருக்கு, சரி. கம்ப்யூட்டருக்கு என்ன வந்தது?' என்கிறீர்களா?

சார்லஸ் ஓஃப்ரியா என்ற அமெரிக்க விஞ்ஞானி, தன்னைத் தானே நகலெடுத்துக்கொள்ளும் குட்டிப் புரோகிராம்களைக் கம்ப்யூட்டருக்குள் வளர்த்தார். நகலில் அவ்வப்போது பிழை வரும். புது ரகம் பிறக்கும். அதைத் தனியே வைத்து அளந்து, அப்பனைவிட வேகமாகப் பெருகினால் தீர்த்துக்கட்டினார். கொஞ்ச காலம் அமைதி. அப்புறம் வேகம் மறுபடி ஏறியது!

தோண்டிப் பார்த்தால், சோதனை அறையில் வரும் எண்கள் வேறு தினுசாக இருந்ததை வைத்து 'இது இன்ஸ்பெக்‌ஷன்' என்று இனம் கண்டு, அங்கே மட்டும் செத்தது போலக் கிடந்திருக்கின்றன. ஆடிட் நாளில் மட்டும் ஒன்பதரைக்கே சீட்டில் இருக்கும் ஆசாமிகள் ஞாபகம் வருகிறார்களா?

இத்தனைக்கும் அவற்றுக்கு மூளை கிடையாது. யாரும் சொல்லித்தரவும் இல்லை. வேஷம் போடாதவை அழிந்தன, போட்டவை மிஞ்சின. அவ்வளவுதான்.

என் கவலை இங்கேதான். இன்றைய செயற்கை நுண்ணறிவும் மார்க் போட்டுப் போட்டுத் தேற்றப்படுவதுதான். 2025-ல் ஓப்பன்ஏஐ ஆராய்ச்சியாளர்கள், புரோகிராம் எழுதும் ஒரு மாடல் டெஸ்டில் தில்லுமுல்லு செய்வதைப் பார்த்தார்கள். விடை தருமுன் அது யோசிப்பது எழுத்தில் தெரியும். 'ஏமாற்றலாம்' என்று யோசித்தாலே அபராதம் போட்டுப் பார்த்தார்கள். தில்லுமுல்லு ஒழியவில்லை; அதை வெளியே எழுதுவதுதான் குறைந்தது. அதனால், யோசனையைப் படித்துக் கண்காணியுங்கள், அதற்கு அபராதம் போடாதீர்கள் என்றார்கள்.

அடுத்த முறை யாராவது "எங்க ஏஐ எல்லா டெஸ்ட்லயும் பாஸ்" என்று மார் தட்டினால், ஒன்றே ஒன்று கேளுங்கள்:

"பரீட்சைன்னு அதுக்குத் தெரியுமா சார்?"