ஒரு கணுவில் ஒரு தோட்டம்

சூரா அர்-ரஹ்மானின் 12ஆவது வசனத்தில், அல்லாஹ் தானியத்தோடு சேர்த்து 'ரைஹான்' என்னும் நறுமணச் செடியையும் தன் அருட்கொடைகளுள் ஒன்றாக நினைவூட்டுகின்றான். ரைஹானை யாரேனும் கொடுத்தால் மறுக்க வேண்டாம், அது சுமக்க இலேசானது, மணத்தால் நல்லது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியதை இமாம் முஸ்லிம் பதிவு செய்துள்ளார்கள்.

எமது சமையலறைகளில் மணக்கும் புதினாவையும் ரம்பையையும் யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை. தண்டையோ பக்கக் கன்றையோ நடுகிறோம். மிட்டாயிலும் மருந்திலும் சேரும் பெப்பர்மின்ட் இருவகைப் புதினாக்கள் கலந்து பிறந்த மலட்டுச் செடி. அதில் முளைக்கும் விதையை எதிர்பார்க்க முடியாது. ஆனால் தண்டு நடுவதில் ஒரு குறை உண்டு. தாய்ச்செடியில் நோயிருந்தால் அது பிள்ளைக்கும் வரும். இதற்குப் பரிகாரமாக வந்ததே இழைய வளர்ப்பு.

கணுவுள்ள சிறு துண்டொன்றை வெட்டி, கிருமி நீக்கி, போத்தலிலுள்ள போசணைக் கூழில் வைப்பார்கள். வைரசுப் பீடை இருந்தால் கணுவை விட்டு, நுனிமொட்டின் மிகச் சிறிய பகுதியை மட்டும் எடுப்பார்கள். கூழில் சீனியும் கனிய உப்புகளும் இருக்கும். அதை உறைய வைப்பது ஏகார். நோன்பு காலத்தில் நீங்கள் காய்ச்சும் கடற்பாசியேதான் அது!

உணவு மட்டும் போதாது. துண்டு வேர் விடுவதா, தளிர் விடுவதா என்பதைத் தீர்மானிப்பவை வளர்ச்சிச் சீராக்கிகள். ஒட்சின் வேருக்குத் தூண்டும். சைற்றோகைனின் தளிருக்குத் தூண்டும். அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் ஸ்கூக், மில்லர் ஆகியோர் 1957இல் புகையிலை இழையத்தில் இதைத் தெளிவாகக் காட்டினர். ஒட்சின் மிகுந்தால் வேர்; சைற்றோகைனின் மிகுந்தால் தளிர்; இரண்டும் நடுத்தரமாக நின்றால் உருவமற்ற கலத்திரள். கறிக்கு உப்பும் புளியும் போல, ஒன்றுக்கொன்று பொருந்துவதே முக்கியம். இளநீரிலும் சைற்றோகைனின் உண்டு. 1941இலேயே தேங்காய் நீரை வளர்ப்பூடகத்தில் சேர்த்து இளம் முளையங்களை வளர்த்திருக்கிறார்கள்.

அளவோ மிகச் சொற்பம். பெரும்பாலும் ஒரு லீற்றர் கூழுக்கு ஒரு மில்லிகிராம் அளவிலேயே சேர்ப்பார்கள். சைற்றோகைனின் கூடினால் இலைகள் கண்ணாடிபோல் நீர்கோத்து, மண்ணில் நட்டதும் வாடிவிடும். உருவமற்ற கலத்திரளிலிருந்து செடி எடுத்தால் தாயின் குணம் சில வேளை மாறும். நறுமணச் செடிக்கு இது பெரிய நட்டம். அதன் மதிப்பே இலையிலுள்ள எண்ணெய்தானே! அதனால் கணுவின் மொட்டிலிருந்தே தளிர் எடுப்பது பாதுகாப்பானது.

"இது அல்லாஹ்வின் படைப்பில் கைவைப்பதாகாதா?" என்று சில சகோதரிகள் கேட்பதுண்டு. இங்கே மரபணு எதையும் யாரும் மாற்றுவதில்லை. ஒட்சினும் சைற்றோகைனினும் செடி தானே சுரக்கும் ஓமோன்கள். ஆய்வுகூடத்தில் சேர்ப்பவை அவையோ, அவற்றை ஒத்த பொருட்களோதான். ஒரு சிறு துண்டுக்குள் முழுச் செடியாகும் ஆற்றலை வைத்தவன் அவனே. மனிதன் அதைக் கண்டறிந்தான், அவ்வளவுதான். பேரீச்சையின் மகரந்தச் சேர்க்கை பற்றிய பேச்சில், உலக விவகாரங்களை நீங்களே நன்கறிவீர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியது எமக்கு வழிகாட்டல். சாதாரணத் தண்டை இழைய வளர்ப்புக் கன்று என்று சொல்லி விற்பதுதான் மோசடி, அதுவே ஹராம்.

எச்சரிக்கை ஒன்று: செயற்கை ஒட்சின்களில் 2,4-டி போன்றவை களைகொல்லியாகவும் பயன்படுபவை. 'வளர்ச்சி மருந்து' என்று எதையாவது வாங்கிவந்து உண்ணும் இலையில் தெளிக்காதீர்கள். பிள்ளைகளின் கைக்கு எட்டவும் வைக்காதீர்கள்.

வீட்டுப் புதினாவுக்கு எந்த மருந்தும் வேண்டியதில்லை. விரல் நீளத் தண்டைக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு நீரில் வையுங்கள். நுனித்தளிர் சுரக்கும் ஒட்சின் கீழிறங்கி, சில நாட்களில் வேரை வரவழைக்கும். டெங்கு நுளம்பு பெருகாதிருக்க இரண்டு நாளைக்கொரு முறை நீரை மாற்றுங்கள். வேர்விட்டதும் ஒரு சட்டியை அடுத்த வீட்டுக்கும் கொடுங்கள். ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதரோ பறவையோ உண்பது அவருக்கு ஸதகாவாகும் என்பது ஸஹீஹான ஹதீஸின் கருத்து. அந்த நன்மைக்குக் காணி வேண்டாம், ஜன்னலோரத்துச் சட்டி போதும்.