தீவின் மின்னிலையம் விழிக்க மறுத்தால்



குறிகட்டுவான் துறையிலிருந்து நெடுந்தீவுக்குச் செல்பவர் ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நயினாதீவு அத்துணைத் தொலைவன்று. எனினும் இரண்டுக்கும் ஒரு பொதுமை உண்டு. பெருநிலத்து மின்கம்பிகள் அங்குச் சென்று சேரவில்லை. ஆதலின் தீவுக்கு வேண்டிய மின்சாரத்தைத் தீவே பிறப்பித்துக்கொள்ள வேண்டும். இத்தொழிலைப் பல்லாண்டுகளாகச் செய்து வந்தவை டீசல் மின்பிறப்பாக்கிகளே. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் காற்று, வெயில், மின்கலவடுக்கு, டீசல் என்னும் நான்கையும் ஒருங்கிணைக்கும் நிலையங்களை இந்திய அரசின் நன்கொடையுடன் அமைப்பதற்கான ஒப்பந்தம் 2024 மார்ச்சில் கைச்சாத்திடப்பட்டது. வெயிலிலிருந்து 1,700 கிலோவாட், காற்றிலிருந்து 530 கிலோவாட் என்பது அதன் திட்டம்.

நான்கு குதிரை பூட்டிய தேருக்குச் சாரதி ஒருவன் வேண்டுமன்றோ? எப்பொழுது டீசலை நிறுத்துவது, எப்பொழுது மின்கலத்தை நிரப்புவது என்பதை நொடிக்கு நொடி தீர்மானிப்பது ஓர் இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுக் கணினி. இவ்வகைக் கருவி 1960-களின் இறுதியில் அமெரிக்க மோட்டார் வண்டித் தொழிற்சாலைகளின் தேவைக்காகத் தோன்றியது. இன்று குடிநீர் ஆலை முதல் ஐஸ் ஆலை வரை அது இல்லாத இடமில்லை. அந்தச் சாரதி ஒரு நாள் கண்விழிக்க மறுத்தால் யாது செய்வது என்பதே இன்றைய பேச்சு.

முதலில் ஒரு புதிரை விடுவிப்போம். நேற்றுவரை பழுதின்றி ஓடிய கணினி, ஒரு முறை நிறுத்தி மீண்டும் தொடங்கியதும் எழவில்லை. நிறுத்தியவன் கெடுத்துவிட்டான் என்று பழி சொல்வது வழக்கம். பெரும்பாலும் அது நியாயமன்று. ஓடிக்கொண்டிருக்கும் கருவிக்குத் தேவைப்படாத பல உறுப்புகள், எழும் கணத்தில் மட்டும் தேவைப்படுகின்றன. 24 வோல்ட் கொடுக்கும் மின்வழங்கியின் மின்தேக்கிகள் ஆண்டுக்கணக்கில் வெப்பத்தில் உலர்ந்திருக்கும். ஓட்டத்தை அவை தாங்கும், தொடக்கத்தின் பெருமின்னோட்டத்தைத் தாங்கா. நினைவகத்தைக் காக்கும் சிறு மின்கலம் எப்பொழுதோ இறந்திருக்கும். மின்சாரம் நிற்கும்வரை அதனை எவரும் அறியார். பழுது பழையது, வெளிப்பட்டதுதான் இன்று.

கைவைக்குமுன் காப்பு முக்கியம். உறங்கும் கணினி எதிர்பாராது விழித்தால் இயந்திரம் தானே சுழலத் தொடங்கலாம். ஆகவே மின்பிறப்பாக்கியின் ஆளியைக் கையியக்கத்துக்கு மாற்றிப் பூட்ட வேண்டும். பின்னர் மின்கலவடுக்கின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, பயிற்சியுள்ள ஒருவர் டீசல் இயந்திரத்தைக் கையாலேயே இயக்கி ஊருக்கு மின் கொடுக்கலாம். மருத்துவமனையின் தடுப்பூசிக் குளிர்ப்பெட்டி கணினிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இதனைச் செய்துவிட்டால் பழுதுபார்ப்பவருக்கும் பதற்றம் நீங்கும். பதற்றத்தில் செய்யப்படும் பழுதுபார்ப்பு இரண்டாவது பழுதாகவே முடியும்.

அடுத்து, கணினி உண்மையிலேயே எழவில்லையா என்று பார்க்க வேண்டும். திரையில் ஒன்றும் தோன்றாதது கொண்டு முடிவு செய்யலாகாது. கணினி நலமாயிருந்து, திரைக்குச் செல்லும் கம்பி மட்டும் அறுந்திருக்கலாம். கணினியின் முகப்பிலுள்ள சிறு விளக்குகளே உண்மை கூறும். ஒரு விளக்கும் எரியவில்லையெனில் குற்றம் மின்வழங்கியிலோ உருகியிலோ இருக்கிறது. எரிந்து எரிந்து அணைந்தால் மின்னழுத்தம் தொடக்கத்தில் சரிகிறது, அல்லது கணினி தன்னைத்தானே திரும்பத் திரும்பத் தொடக்குகிறது. சிவப்பு விளக்கு நிலையாக எரிந்தால் நினைவகத்தையோ நிரலையோ ஐயுறலாம். இயக்க ஆளி தவறான இடத்தில் நிற்பதும் உண்டு. அதனைக் கடைசியாகக் கண்டுபிடித்து வெட்கப்பட்ட பொறியியலாளர் பலர்.

மின்னழுத்தத்தை அளக்கும்போது ஒரு நுட்பம். சுமையின்றி அளந்தால் கெட்ட மின்வழங்கியும் 24 வோல்ட் காட்டும். கணினியை இணைத்து, அது எழ முயலும் கணத்தில் அளக்க வேண்டும்.

பிறகு வெளியிலிருந்து வரும் உணரிக் கம்பிகள் அனைத்தையும் கழற்றிவிட்டுக் கணினியை மட்டும் தொடக்கிப் பார்க்க வேண்டும். எழுந்தால் குற்றம் வெளியே உள்ளது. ஒவ்வொன்றாக இணைத்து வர, எதனை இணைக்கும்போது விழுகிறதோ அதுவே குற்றவாளி. நம் தீவுகளில் அது பெரும்பாலும் கரையோரத்து இணைப்புப் பெட்டியாயிருக்கும். சோளகக் காற்று அள்ளி வரும் உப்பை அறியாதார் தீவில் இல்லை. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75 பங்கைத் தாண்டினால் உப்பு தானே நீரை ஈர்த்துக் கரைகிறது. கரைந்த உப்பு மின்சாரத்தைக் கடத்துகிறது. இரவு மின்சாரம் நின்று பெட்டி குளிர்ந்தபின் விடியற்காலையில் எழாத கணினி, நண்பகலில் தானே எழுவதன் மருமம் இதுவே. "சரியாகிவிட்டது" என்று மகிழ்ந்து பெட்டியை மூடுவோர் மறுநாள் காலையிலும் அதே பெட்டியின் முன் நிற்பர்.

திரும்பத் திரும்ப மீளத்தொடங்கும் நோய்க்கு வானுலகச் சான்று ஒன்றும் உண்டு. 1997 ஜூலை 4-ஆம் நாள் செவ்வாய்க் கோளில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலத்தின் கணினி சில நாள்களில் இவ்வாறு மீளத்தொடங்கலாயிற்று. முக்கியம் குறைந்த ஒரு வேலை பொதுப்பொருள் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்க, முக்கிய வேலை காத்துக் கிடந்தது. அதனைப் பொறுக்காத காவற் கடிகாரம் முழுக் கணினியையும் மீளத்தொடக்கியது. விஞ்ஞானிகள் பூமியிலிருந்த அதனை ஒத்த கணினியில் அதே பழுதை வரவழைத்து ஆராய்ந்து, வானொலி வழியே ஒரு திருத்தம் அனுப்பினர். தீவு மின்னிலையத்துக்கும் தேவைப்படுவது அத்தகைய இரட்டைப் பிறவிதான்: ஒரு மாற்றுக் கணினியும், அதற்குரிய நிரலின் படியும், கடவுச்சொல்லும். இவை யாழ்ப்பாணத்து அலுவலகத்தில் இருந்தால், கடல் கொந்தளிக்கும் நாளில் படகு ஓடாதபோது இல்லாததற்குச் சமம். தீவிலேயே ஒரு படி இருத்தல் வேண்டும். எந்த நாளில் எடுத்த படி என்பது அதன்மேல் எழுதப்பட்டிருத்தல் வேண்டும்.

நினைவக மின்கலத்தை மாற்றும்போது, தயாரித்தவரின் குறிப்பேடு வேறு கூறாவிடில், கணினிக்கு மின் வழங்கிக்கொண்டே மாற்றுக. நிறுத்திவிட்டு மாற்றினால் நிரல் அழியும் கருவிகள் உண்டு. அலமாரியில் உறங்கும் மாற்றுக் கணினியும் முதுமை எய்துவது. உப்புக் காற்று அதனையும் விடாது. ஆண்டுக்கு ஒரு முறை, சோளகம் எழுமுன், கடல் அமைதியாயிருந்து படகுகள் தவறாது ஓடும் நாள்களில், அதனை வெளியே எடுத்து மின்னேற்றி, நிரலை ஏற்றி, எழுகிறதா என்று பார்த்து, மீண்டும் ஈரம் புகாத பையில் கட்டி வைக்க வேண்டும். அன்றைய தேதியைப் பையின்மேல் எழுதிவிடுக.