கிளாஸ் 08: ஒரு ஷண்டிங் எஞ்சினின் கதை

ரயில் எஞ்சின் என்றதும் வேகம்தான் நினைவுக்கு வரும். நான் சொல்லப்போவது மணிக்கு 15, மிஞ்சினால் 20 மைல் வேகத்தில் ஓடும் எஞ்சினைப் பற்றி. பிரிட்டிஷ் ரயில்வே 1952 முதல் 1962 வரை கட்டிய இந்த வகைக்குப் பின்னாளில் இட்ட பெயர் 'கிளாஸ் 08'. மொத்தம் 996. பிரிட்டனில் வேறெந்த டீசல் எஞ்சின் வகையும் இத்தனை கட்டப்படவில்லை. இங்கே லண்டனில் பாடிங்டன் ரயில்களின் பெட்டிகளை ஓல்ட் ஓக் காமன் பணிமனையில் இழுத்துக் கோத்தவை இவைதாம்.

பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் வேலையே ஷண்டிங். நம்மூர் டபிள்யூ.டி.எஸ். எஞ்சின்களின் பெயரில் வரும் 'எஸ்' அதைத்தான் குறிக்கிறது. இதில் இழுப்பதைவிடக் காத்திருப்பது அதிகம். நீராவி எஞ்சினுக்கோ பல மணிநேரம் முன்பே அடுப்பு மூட்டவேண்டும். சும்மா நின்றாலும் கரி எரியும். அதனால்தான் லண்டன் மிட்லண்ட் ஸ்காட்டிஷ் ரயில்வே 1930களிலேயே ஷண்டிங்குக்கு டீசலைச் சோதித்தது. அந்த வழியில் வந்ததே 08.

டீசல் எஞ்சினால் நின்ற நிலையிலிருந்து சக்கரத்தை நேரடியாகச் சுழற்ற இயலாது. எனவே இங்கிலீஷ் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஆறு சிலிண்டர் டீசல் ஒரு ஜெனரேட்டரைச் சுழற்றுகிறது. அந்த மின்சாரத்தில் இரு மோட்டார்கள் ஓடுகின்றன. இத்தகைய மோட்டாருக்குப் புறப்படும்போதுதான் முறுக்குவிசை அதிகம். மூன்று அச்சுகளையும் பக்கத் தண்டுகள் பிணைப்பதால் ஒரு ஜோடிச் சக்கரம் மட்டும் தனியாக வழுக்காது. சக்தி 350 குதிரைத்திறன்தான். இன்றைய பெரிய லாரிக்கு இதைவிட அதிகம். ஆனாலும் ஏறக்குறைய 50 டன் எடையோடு, வேகத்தை விட்டுக்கொடுத்து, பல நூறு டன்களை நகர்த்திவிடும்.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. கரி அள்ளிப்போட ஆள் தேவையில்லை என்றால் இருவர் வேலை ஒருவருக்கானது. நம் பிள்ளைகள் பார்க்கும் தாமஸ் கதைகளில் 1958இல் நுழைந்த 'டீசல்' என்ற வஞ்சகக்காரனின் உருவம் இந்த எஞ்சினுடையதே. அன்றைய நீராவி அபிமானிகளின் கசப்பை அதில் காணலாம்.

1964-65இல் ஸ்விண்டனில் கட்டிய 56 'கிளாஸ் 14' எஞ்சின்களை பிரிட்டிஷ் ரயில்வே 1969க்குள் கைகழுவியது. அவற்றில் பெரிய பழுது எதுவும் இல்லை. அவற்றுக்கென்று நினைத்த குறுந்தூர சரக்கு வேலைதான் லாரிகளுக்குப் போய்விட்டது. மென்பொருள் எழுதிப் பிழைக்கும் எனக்கு இது பழகிய கதை: நிரல் சரியாகவே இருக்கும், தேவை மறைந்திருக்கும். 08க்கும் அந்த நிலை மெல்ல வந்தது. இரு முனையிலும் ஓட்டுநர் அறை கொண்ட ரயில்தொடர்களுக்கு ஷண்டிங் அவ்வளவாகத் தேவையில்லை. ஆயினும் பணிமனைகளில் சில 08கள் அறுபது வயதைத் தாண்டியும் உழைக்கின்றன.