கலந்தால்தான் குப்பை

ராஜபாளையத்து நூற்பாலைகளில் கழிவுப் பஞ்சை யாரும் ஒரே மூட்டையாகக் கட்டுவதில்லை. பஞ்சை உதறித் தூசி நீக்கும் புளோரூமில் உதிர்வது ஒரு ரகம், சிக்கெடுக்கும் கார்டிங்கில் கழிவது ஒரு ரகம், கோம்பர் இயந்திரம் சீவித் தள்ளும் குட்டை இழை இன்னொரு ரகம். ஒவ்வொன்றுக்கும் தனி மூட்டை, தனி விலை. கோம்பருக்குள் போகும் பஞ்சில் நூற்றுக்கு 12 முதல் 20 பங்கு வரை இப்படிக் கழிந்துவிடும். அந்தக் குட்டை இழையைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, மெழுகை நீக்கி, வெளுத்தால் மருந்துக்கடைப் பஞ்சு கிடைக்கும். நயமான நூலுக்கு ஆகாத இழை காயத்தின் ரத்தத்தை உறிஞ்ச உதவுகிறது. புளோரூம் தூசியும் கொட்டைத் தூளும் அதில் கலந்துவிட்டாலோ அந்தத் தகுதி போய்விடும்.

1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். பக்கத்துச் சத்திரப்பட்டியில் இன்றும் தறிகள் பேண்டேஜ் துணி நெய்கின்றன. கழிவின் மதிப்பை இவ்வளவு நன்றாக அறிந்த வட்டாரம் தமிழ்நாட்டில் அதிகம் இருக்காது. அப்படிப்பட்ட ஊரில் மாங்கொட்டை, பால் கவர், தீர்ந்த பேட்டரி எல்லாம் ஒரே கேரி பையில் முடிச்சுப் போட்டு வாசலுக்கு வருவதைப் பார்க்கும்போது மனசு ஆறவில்லை.

கலப்பது தானாக நடக்கும். பிரிப்பதற்கு ஆற்றலைச் செலவிட வேண்டும். வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி சொல்வது இதைத்தான். சாம்பார் ஊற்றிப் பிசைந்த சோற்றை மறுபடி சோறாகவும் சாம்பாராகவும் பிரிப்பது எவ்வளவு பாடு! நகராட்சியின் உரக்கிடங்கில் நாம் தூய்மைப் பணியாளர்களிடம் கேட்பது அந்தப் பாட்டைத்தான். வீட்டு அடுப்படியிலோ வெங்காயத் தோலும் பால் கவரும் கையிலிருக்கும்போதே தனித்தனியாகத்தான் இருக்கின்றன. பிரிப்பதற்கு மிகக் குறைந்த செலவாகும் இடம் அதுதான். ஈரக் குப்பை, உலர் குப்பை, வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரித்துத் தர வேண்டும் என 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டாரிடமே பொறுப்பை ஒப்படைத்ததும் அதனால்தான்.

ஈரக் குப்பையை எடுத்துக்கொள்வோம். அதை உரமாக்குபவை நுண்ணுயிரிகள். ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் இருந்தால் அவை சுறுசுறுப்பாக வேலை செய்யும். காய்கறிக் கழிவில் நைட்ரஜன் அதிகம். காய்ந்த சருகு சேர்த்தால் கணக்குச் சரியாகிவிடும். ஈரமும் காற்றும் சரியாக அமைந்தால் குவியலின் உள்ளே வெப்பம் 55 டிகிரியைத் தாண்டும். கிருமிகளும் களை விதைகளும் அந்தச் சூட்டில் மடியும். இந்தக் குவியலுக்குள் நாலைந்து பிளாஸ்டிக் பைகள் போய்விட்டால் காற்று ஓடாது. மூச்சுக்காற்று தேவைப்படாத பாக்டீரியாக்கள் ஆட்சியைப் பிடிக்கும். அழுகல் நாற்றம் வரும், மீத்தேன் கிளம்பும். நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், அதே எடையுள்ள கரியமில வாயுவைப்போல் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது. சப்பட்டை மாம்பழக் காலத்தில் ராஜபாளையத்து வீடுகளிலிருந்து வரும் தோலும் கொட்டையும் நல்ல உரமாவதும் மீத்தேனாவதும் பையின் முடிச்சில்தான் இருக்கிறது.

பிளாஸ்டிக்கின் கதை இன்னும் நுட்பமானது. எல்லாமே பிளாஸ்டிக் என்று நாம் சொல்கிறோம், வேதியியல் அப்படிச் சொல்வதில்லை. பால் கவர் பாலித்தீன், தண்ணீரில் மிதக்கும். குளிர்பான பாட்டில் பெட், தண்ணீரில் மூழ்கும். திருமண ஃபிளெக்ஸ் பேனரில் இருப்பது பி.வி.சி. இவை உருக்கினாலும் ஒன்றோடொன்று சேராது. உருகிய பெட்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு பி.வி.சி. கலந்தால்கூட, அதிலிருந்து பிரியும் அமிலம் மொத்தத்தையும் பழுப்பாக்கித் தரம் கெடுத்துவிடும்.

இந்த வேறுபாட்டை நன்றாகப் பயன்படுத்தியவர் நம் பக்கத்து மதுரைக்காரர். தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன், துண்டாக்கிய பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லிமேல் தூவி உருக்கிப் பூசினார். அந்த ஜல்லியோடு தார் இறுகப் பிடித்துக்கொண்டது. 2002இல் கல்லூரி வளாகத்திலேயே சாலை போட்டுப் பார்த்தார். 2018இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பாலித்தீன், பாலிபுரொப்பிலீன், பாலிஸ்டைரீன் ஆகியவை அவருடைய முறைக்கு ஏற்றவை. பி.வி.சி.க்கு அங்கே இடமே இல்லை. சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவைக் கக்கும். ஆக, குப்பையிலிருந்து சாலை போடுவதற்கும் முதலில் குப்பையைப் பிரித்தாக வேண்டும்.

பிரிக்காதது எங்கே போகிறது? ஒரு பகுதி தெருமுனையில் எரிகிறது. அரைகுறைச் சூட்டில் எரியும் பி.வி.சி. டயாக்சின் என்னும் கொடிய நஞ்சை உண்டாக்கும். இன்னொரு பகுதி ஓடையில் இறங்குகிறது. ராஜபாளையத்தின் மழைநீர் கண்மாய் கண்மாயாகத் தாண்டி வைப்பாற்றில் சேர்ந்து மன்னார் வளைகுடாவுக்குப் போகிறது. மேற்கே மலையோ 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் ஆகிவிட்டது. இவ்வளவு அருகில் காடும் கண்மாயும் வைத்திருக்கிற ஊருக்குக் குப்பையைக் கொட்ட ‘ஊருக்கு வெளியே’ என்று ஓர் இடம் கிடையாது.

2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றைத் தமிழ்நாடு அரசு தடை செய்தது. 2021 டிசம்பரில் துணிப்பையை ஊக்குவிக்கும் மஞ்சப்பைத் திட்டம் வந்தது. இரண்டும் நல்லவை, ஆனால் பால் கவரும் பேட்டரியும் வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருக்கும். அவற்றைப் பிரிக்கும் பொறுப்பில் நகராட்சிக்கும் பங்கு உண்டு. வீட்டில் பிரித்துக் கொடுத்ததை வண்டியில் ஒன்றாகக் கொட்டினால் மறுநாள் யாரும் பிரிக்க மாட்டார்கள். வண்டியில் தனித்தனி அறை இருப்பதை நகராட்சி உறுதிசெய்ய வேண்டும். இல்லையென்றால் வார்டு கவுன்சிலரிடம் நாம் கேட்க வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பால் கவரை அலசிக் காயவையுங்கள். அதன் மூலையைத் துணுக்காக வெட்டி எறியாமல் கவரோடு ஒட்டியிருக்கும்படி வெட்டுங்கள். சிறு துணுக்கு யார் கையிலும் சிக்காது. பேட்டரியையும் காலாவதியான மாத்திரைகளையும் ஒரு டப்பாவில் தனியே சேருங்கள். நாப்கினைக் காகிதத்தில் சுற்றிக் கொடுங்கள். உடைந்த கண்ணாடியையும் பிளேடையும் கெட்டிக் காகிதத்தில் பொதிந்து, கொடுக்கும்போது வாயால் சொல்லிக் கொடுங்கள். அந்தப் பொட்டலத்தை அடுத்துத் தொடப்போவது ஒரு தூய்மைப் பணியாளரின் கை.